கோடியக்கரையில் ஒரு ஹாரன்

டிசம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், அதிகாலை ஐந்து மணிக்கே நானும் என் மகளும் மன்னார்குடி வீட்டுத் திண்ணையில் தொலைநோக்கியும் கையுமாக உட்கார்ந்துவிட்டோம். முந்தைய நாள் வாடகைக் கார் பேசியபோது "அஞ்சுக்கு வாசல்ல நிக்கும் சார்" என்று சொன்னவர்கள், ஐந்தரைக்குப் "புறப்பட்டாச்சு" என்றார்கள், ஆறரைக்குப் "பக்கத்துல வந்தாச்சு" என்றார்கள். வண்டி வந்தது ஏழே முக்காலுக்கு. பேருந்து இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்று கைப்பேசியில் பார்த்தே சிங்கப்பூரில் பழகிவிட்ட எனக்கு, நம்மூர்ப் 'பக்கத்துல' எவ்வளவு தூரம் என்பது மறந்துபோயிருந்தது. அம்மாவுக்கு மறக்கவில்லை, ஆறு மணிக்கே உள்ளே வந்து இட்லி சாப்பிடச் சொன்னார்.

வெளிமான் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தத் தாமதம் சிறிய விஷயமன்று. அந்த மான்களைக் காப்பதற்காகவே 1967இல் சரணாலயமான கோடியக்கரையில், அவை வெயில் ஏறுவதற்குள் புல்வெளியில் மேயும். பிறகு எங்காவது ஒதுங்கிவிடும். சிறுவயதில் எங்களுக்குக் கோடியக்கரை என்றால் ஆடி அமாவாசைக் கடல் முழுக்குதான். பேருந்துச் சன்னலில் மான் தெரிந்தால், அது புளியோதரையோடு கிடைத்த உபரி.

பத்து மணியைத் தொடும் நேரத்தில், மட்டக்குதிரைகளையும் சீமைக்கருவேலப் புதர்களையும் கடந்தபின், எங்கள் நல்லகாலமாக ஒரு மந்தை இன்னும் வெளியில் நின்றது. பழுப்பு நிறப் பெட்டைகளுக்கு நடுவே கலைமான் ஒன்று: முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், திருகித் திருகி மேலேறிய கொம்புகள். என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொலைநோக்கியைத் திருப்புகையில், ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். ஒருமுறையன்று, மூன்று முறை. மந்தை முழுவதும் பந்து எழும்புவதுபோல் துள்ளித் துள்ளி மறைந்தது.

"ஹாரன் அடிச்சாதான் சார் தலைய தூக்கிப் பார்க்கும், போட்டோ நல்லா வரும்" என்றார். எங்களுக்கு உதவி செய்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் அப்படியே இருந்தது. அதனால்தான் என் கோபம் இரட்டிப்பானது. சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் பறவைகளுக்குத் தெரியாமல் நின்று பார்ப்பதற்கென்றே மறைவிடங்கள் கட்டியிருக்கிறார்கள். அங்கே யாராவது உரக்கத் தும்மினாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதையெல்லாம் அவரிடம் ஒரு பிரசங்கமாகவே செய்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் மறுபேச்சு பேசாமல் இயந்திரத்தை அணைத்தார்.

நாற்பது நிமிடம் யாரும் பேசவில்லை. உப்புக்காற்று மட்டும் கண்ணாடி வழியே வந்துகொண்டிருந்தது. பிறகு அவரே மெதுவாக, "பாப்பா, அந்த ஒத்தப் பனைக்கு இடது கைப் பக்கம்" என்று முணுமுணுத்தார். கலைமான் முன்னே வர, பின்னால் ஒவ்வொன்றாகப் பெட்டைகள் திரும்பி வந்தன. என் கண்ணுக்கு அவை தெரிய இன்னும் ஒரு நிமிடம் ஆயிற்று.

மாலையில் கணக்குச் சீட்டு நீட்டினார். கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஓட்டுநர் பேட்டா இவ்வளவு, அதற்குக் கீழே, கோடியக்கரையில் 'வெயிட்டிங்' நாற்பது நிமிடம். நான் திண்ணையில் காத்திருந்த இரண்டே முக்கால் மணி நேரம் அந்தச் சீட்டில் எங்கேயும் இல்லை.