பாசி விலையைக் காணொலியில் பேசிய ஐந்து ஆண்டுகள்

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட வடகடல் (பாக் விரிகுடா) கரையில் கடல்பாசி வளர்க்கும் ஐந்து மகளிர் குழுக்களுக்குக் கணக்கும் விற்பனையும் பார்ப்பது என் வேலை. 2020 மார்ச் மாத ஊரடங்குக்கு முன்பு, விலை பேச வேண்டுமென்றால் வியாபாரி இங்கே வருவார். இல்லையென்றால் மாதிரிப் பாசியைப் பையில் கட்டிக்கொண்டு நான் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ பேருந்து ஏறுவேன். அதன்பின் இன்றுவரை கொள்முதல் பேச்சில் பெரும்பகுதி கைப்பேசியிலும் காணொலியிலும்தான் நடக்கிறது.

செயலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்திலும், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடத்திலும் முடிந்துவிடும். எங்கள் விலைப் பேச்சுக்கு அதுவே போதும். குழுத் தலைவிகள் எல்லோரும் ஏற்கெனவே வாட்ஸ்அப் பழகியவர்கள் என்பதால் இப்போது பெரும்பாலும் அதையே பயன்படுத்துகிறோம்.

இங்கே உண்மையான சிரமம், எதிராளியின் படம் நம்மிடம் வருவதில் இல்லை, நம் படம் அங்கே போய்ச் சேருவதில்தான் இருக்கிறது. கைப்பேசி இணைப்பில் பதிவிறக்கத்துக்குக் கிடைக்கும் வேகம் பதிவேற்றத்துக்குக் கிடைப்பதில்லை. நம் திரையில் வியாபாரி தெளிவாகத் தெரிவதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துப் பேசிக்கொண்டே போவோம். அவருக்கோ நம் முகம் உறைந்து, குரல் விட்டு விட்டுக் கேட்டிருக்கும். ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "சார், கேட்குதா?" என்று கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம். ஒரே கொட்டகையில் இரண்டு அக்காமார் தனித்தனிக் கைப்பேசியில் சேர்ந்தால், ஒன்றின் ஒலியை மற்றொன்று வாங்கித் திருப்பி அனுப்பிக் காது கூசும் கீச்சொலி கிளம்பும் என்பதையும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரையில் நின்று பேசவே கூடாது. மைக்கில் காற்றைத் தவிர வேறெதுவும் போகாது.

எங்களுக்கு அதிக நட்டம் வைத்தது நிறம். நாங்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் வகைப் பாசியை, அது வளரும் மிதவையிலிருந்து எடுப்பதற்கு 45 நாள் ஆகும்; அதன்பிறகு காயவைத்து விற்க வேண்டும். நாங்கள் காயவைப்பது நீல நிறத் தார்ப்பாயின்மேல். படம் முழுவதையும் நீலம் நிறைத்துக்கொண்டால், அதை ஈடுகட்டுவதற்காகக் கேமரா தானாகவே மற்ற நிறங்களை மஞ்சளுக்கும் பழுப்புக்கும் தள்ளிவிடுகிறது. நன்றாகக் காய்ந்து உப்புப் பூத்திருந்த பாசியைப் பார்த்து, மழையில் நனைந்த சரக்கு என்று ஒரு வியாபாரி சொன்னார். "சார், இது மழையே பார்க்காத பாசி" என்று குழுத் தலைவி எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. நாங்களும் விலையைக் குறைத்தே கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது, ஏனென்றால் கழுத்தளவு நீரில் நின்று அந்தப் பெண்கள் வளர்த்த சரக்கு அது. இப்போது காலை பத்து மணி வெளிச்சத்தில், நிழலில், வெள்ளைத் தாளின்மேல் வைத்துத்தான் காட்டுகிறோம்.

அப்படிக் காட்டினாலும் ஈரப்பதத்தைத் திரையில் பார்க்க முடியாது. அதைக் கைப்பிடிக்குள் வைத்து அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். எனவே ஒரே குவியலில் எடுத்த மாதிரியை இரண்டு பைகளாகப் பிரித்து, ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்த நாளில் கூட்டத்தை வைத்துக்கொள்கிறோம். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பையைப் பிரித்துத் தொட்டுப் பார்த்தபடி பேசும் அந்தக் கூட்டங்களில் சச்சரவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

விலை பேசும்போது மட்டும் நான் கேமராவை அணைத்துவிடுவேன். படத்துக்குப் போகும் டேட்டா மிச்சமாகிக் குரல் தெளிவாகிறது என்பது ஒரு காரணம். எல்லோரும் எண்ணைக் கவனிக்கிறார்கள் என்பது மற்றொன்று. நம் எண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: அறுபது, எழுபது, எண்பது எல்லாம் "பது" என்றே முடிகின்றன, குரல் அறுபட்டால் முதலில் விழுங்கப்படுவது சொல்லின் ஆரம்ப எழுத்துதான். ஒருமுறை வியாபாரி கிலோவுக்கு அறுபது என்றதை நாங்கள் எழுபது என்று கேட்டுக்கொண்டு, குழுவில் பங்குக் கணக்கே போட்டுவிட்டோம். அன்றிலிருந்து "ஆறு, பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்கிறோம். பேசி முடித்த விலை, எடை, ஏற்றும் தேதி மூன்றையும் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவரிடமிருந்து "சரி" வந்த பிறகுதான் மூட்டை கட்டுகிறோம்.

சாதாரண அழைப்பைக் கைவிடக் கூடாது என்பதை 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் பக்கம் வந்தபோது உணர்ந்தேன். காணொலி ஓடவே இல்லை. பழைய பட்டன் போனில் நான்கைந்து பேரைக் கான்பரன்ஸில் சேர்த்து, யாருடைய மிதவை எங்கே ஒதுங்கியிருக்கிறது, எவ்வளவு சரக்கு தேறும் என்று கேட்டு, அப்போதே வியாபாரிக்கும் சொல்ல முடிந்தது.

நிலுவைத் தொகையைக் கேட்பதற்கு மட்டும் இந்த ஐந்து ஆண்டுகளில் காணொலி ஒருமுறைகூட உதவவில்லை. இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவது எதிர்ப்பக்கத்துக்கு மிகச் சுலபமாகிவிடுகிறது. கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு, குழுத் தலைவி ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, சென்ற மாதமும் அதற்காக மதுரைக்குப் பேருந்தில்தான் போய்வந்தேன்.