டாக்டரை அனுப்புவதா, ஆசிரியரை வரவழைப்பதா?

சிறப்பு மருத்துவர்களை உருவாக்க, நம் டாக்டர்களை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதா, அங்கிருந்து ஆசிரியர்களை இங்கே வரவழைப்பதா? ஆந்திராவின் சித்தூர் பக்கம் தமிழ் பேசும் எங்கள் ஊர்களில் தலையில் பலமாக அடிபட்டால் வேலூர் நினைப்புதான் முதலில் வரும். அங்கே சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, கனடாவின் மான்ட்ரியலில் பயின்றவர். ஒருவரை வெளிநாட்டில் படிக்க வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் அவர் திரும்பி வந்தார், பலர் வருவதில்லை. போன இடத்தில் சம்பளம், கருவிகள், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அமைந்துவிட்டால் யாரைக் குறை சொல்வது?

இன்னொரு வழி, ஆசிரியர்களை வரவழைப்பது. எத்தியோப்பியாவில் 2003 வரை மனநல மருத்துவத்துக்கு உள்நாட்டில் மேற்படிப்பே கிடையாது. அந்த ஆண்டு அடிஸ் அபாபா பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியபோது, டொரண்டோ பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு மாதம் தங்கிப் பாடம் எடுத்தார்கள். மாணவர்கள் தங்கள் வார்டிலேயே, தங்கள் மக்களின் மொழியிலேயே நோயாளிகளைப் பார்த்துப் பழகினார்கள். மனநலத்தில் மொழிதானே பாதி வைத்தியம்! தெலுங்கில் வேதனையைச் சொல்லத் தடுமாறும் எங்கள் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சரி, வெளிநாட்டுப் பயணமே வேண்டாமா? ஊரில் இல்லாத நுட்பத்தைக் கற்க ஆறு மாதம் போய் வரட்டும். அடிப்படைச் சிறப்புப் படிப்பு மட்டும் சொந்த மண்ணில் நடக்கட்டும்.