டயல்-அப் ரிமோட் ஆக்ஸஸ் சர்வர்: பல வருடம் கட்டி மேய்த்த அனுபவம்

கிடங்கு நடத்தும் நண்பர் போன வாரம் கேட்டார்: "இன்டர்நெட் படுத்துவிட்டால் போன் லைன் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர ஒரு சர்வர் போட்டு வைக்கலாமா? பழைய மோடம் நாலைந்து சும்மாதான் கிடக்கிறது." மோடம் என்றால் கணினியின் தரவைப் போன் லைனில் போகும் ஒலியாக மாற்றும் பெட்டி.

எங்கள் ஆபீஸில் விண்டோஸ் என்.டி. 4.0 சர்வரில் இந்த வசதியை வைத்திருந்தோம். ஒரே நேரத்தில் 256 பேர் வரை கூப்பிடலாம் என்பது அதன் கணக்கு. எங்களுக்கு இரண்டு லைனே தாராளம்.

வேலை செய்த விதத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால், ஆபீஸ் நெட்வொர்க்கின் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்) ஒன்றை வீட்டுக் கணினிக்குச் சர்வர் கொடுத்துவிடும். அப்புறம் நடப்பதுதான் அழகு. ஆபீஸ் கணினி ஒன்று "இந்த முகவரி யாருடையது?" என்று கேட்டால், சர்வர் தன் ஈதர்நெட் கார்டின் (நெட்வொர்க் கேபிள் செருகும் அட்டை) வன்பொருள் முகவரியைப் பதிலாகச் சொல்லும்; வருகிற பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, வாங்கி மோடம் வழியே அனுப்பிவிடும். ப்ராக்ஸி ஆர்ப் என்பது இதுதான். ஆபீஸ் கணினிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கால்பேக் இன்னும் அருமை. வெளியூரிலிருந்து கணக்காளர் கூப்பிடுவார். சர்வர் ஆளைச் சரிபார்த்து, லைனைத் துண்டித்து, பதிந்து வைத்த எண்ணுக்குத் தானே திரும்பக் கூப்பிடும். எஸ்.டி.டி. (வெளியூர் அழைப்பு) செலவு கம்பெனி கணக்கில். பாஸ்வேர்டு திருடு போனாலும் வேறு போனிலிருந்து ஒருவன் நுழைவது கஷ்டம்.

ஆனால் வேகம்! 56கே, அதாவது நொடிக்கு 56 கிலோபிட் மோடம் வாங்கியும் 33.6க்கு மேல் ஏறவில்லை. 1998இல் வந்த வி.90 என்ற மோடம் தரநிலைப்படி 56கே வேகம் கிடைக்க, சர்வர் பக்கம் டிஜிட்டல் லைன் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சாதாரண லைன் என்றால் 33.6தான் உச்சம். அதாவது நொடிக்கு 4 கேபி சொச்சம்.

இந்த வேகத்தில்தான் கணக்காளர் கணக்கு மென்பொருளைத் திறப்பார். அது சர்வரில் கிடக்கும் டி.பி.எஃப். ஃபைல்களை (பழைய வகை தரவுத்தள ஃபைல்கள்) நேரடியாகப் படிக்கிற ரகம். தேடல் நடப்பது அவருடைய கணினியில், தரவு இருப்பது ஆபீஸில். ஒரு பார்ட்டியின் பாக்கியைப் பார்க்க மொத்த ஃபைலும் கம்பி வழியே இறங்க வேண்டும். 5 எம்பி என்றால் 20 நிமிடம். பாதியில் லைன் அறுந்தால் இண்டெக்ஸ் (பதிவுகளைத் தேட உதவும் அட்டவணை) கெட்டுப்போகும். மறுநாள் காலையில் ஆபீஸே பில் போட முடியாமல் உட்கார்ந்திருக்கும். "கனெக்ட் ஆயிடுச்சு சார், ஆனா ஒண்ணுமே வரலை" என்று அவர் போனில் சொல்லும் குரல் இப்போதும் எரிச்சலைக் கிளப்புகிறது. நெட்வொர்க்கில் சேர்ப்பது வேறு, வேலையை அங்கேயே முடித்துத் திரையை மட்டும் அனுப்புவது வேறு. இரண்டாவதற்கு என்.டி. 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பு 1998இலேயே வந்துவிட்டது. அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நான் கெஞ்சியதுதான் மிச்சம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொன்னது: போடாதே. சர்வரின் மேல் தப்பில்லை, ஆனால் உன் ஸ்டாக் மென்பொருளும் அதே ரகம். ரூட்டர் படுத்தால் அதன் கன்சோலுக்குள் (எழுத்துக் கட்டளைகளால் ரூட்டரை இயக்கும் வாசல்) நுழைந்து பார்க்க மட்டும் ஒரு மோடம் மாட்டு. வெறும் எழுத்துக்கு அந்த வேகம் போதும். அதற்கும் முன்னால் உன் போன் லைன் இன்னும் செப்புக் கம்பியில்தான் வருகிறதா என்று கேட்டுக்கொள். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் லைனில் மோடம் ஒழுங்காகப் பேசும் என்று நம்பி இறங்காதே. இன்டர்நெட் விழுந்தால் அந்த போனும் சேர்ந்தே விழும்.