ஆக்டேவியா ஆர்.எஸ் 245: ஒரிஜினல் சைஸை விட்டு 225/45 ஆர்18-க்கு வந்த அனுபவம்

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ் 245 வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் டயரில் வந்துதான் நிற்கும். 2020-இல் இந்தியாவுக்கு வந்ததே 200 வண்டிகள்தான். 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சின், 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் டார்க். அத்தனையும் முன்சக்கரங்கள் இரண்டின் வழியாக ரோட்டில் இறங்க வேண்டும். இஞ்சினைக் குறை சொல்லும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. டயரைப் பற்றிப் புலம்பாத ஆளையும் பார்க்கவில்லை.

என்னிடம் கேட்கும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் போடலாம்?" என்றுதான். இந்த வண்டியைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. நம் ரோட்டுக்கு முதலில் சைஸை முடிவு செய்ய வேண்டும். சைஸ் சரியாக அமைந்துவிட்டால், நல்ல கம்பெனிகளின் டயர் எதுவானாலும் வண்டி நன்றாகவே ஓடும். சைஸ் தப்பாக இருந்தால் உலகத்திலேயே சிறந்த டயரும் ஒரு குழியோடு போய்விடும்.

கம்பெனியிலிருந்து வந்த சைஸ் 225/40 ஆர்18. அகலம் 225 மில்லிமீட்டர், அதில் 40 சதவீதம் சைடுவாலின் (டயரின் பக்கச்சுவர்) உயரம், அதாவது 90 மில்லிமீட்டர். ஆர்18 என்பது 18 இஞ்ச் ரிம். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற மெத்தை அவ்வளவுதான். ஜெர்மனியின் ஆட்டோபானில் அது போதும். கோவையில் குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போன ரோட்டில் போதாது. இரவு மழையில் தண்ணீர் நிரம்பிய குழி, தார் பெயர்ந்து கத்தி மாதிரி நிற்கும் அதன் விளிம்பு, 60-70 கிலோமீட்டர் வேகம். டயர் ரிம்மோடு நசுங்கும்போது உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அறுந்துபோகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் சைடுவாலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். இதை பஞ்சர் மாதிரி ஒட்டிச் சரிசெய்ய வழியே கிடையாது. உள்ளே காற்றைத் தாங்குகிற நூல் அந்த இடத்தில் இல்லை, வெறும் ரப்பர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) பாதிகூடத் தேயாத டயர்களை இப்படித் தூக்கிப்போட்ட பிறகுதான் சைஸை மாற்றுவது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஆர்.எஸ் வைத்திருப்பவர்களின் குழுக்களில் அதிகம் பேசப்படுவது 235/40 ஆர்18, 245/40 ஆர்18 இரண்டும்தான். அகலம் கூடினால் பிடிப்பு கூடும், பார்க்கவும் நன்றாக இருக்கும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். நான் இரண்டையும் ஒதுக்கிவிட்டேன். இந்த வண்டியின் ரிம் 7.5 இஞ்ச் அகலம். 235/40-க்கும் 245/40-க்கும் டயர் தரநிலைகள் சொல்லும் குறைந்தபட்ச ரிம் அகலமே 8 இஞ்ச். குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் சைடுவால் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். வளைவில் ஸ்டீயரிங் திருப்பினால் முதலில் டயர் சாயும், அப்புறம்தான் வண்டி திரும்பும். அகலத்துக்காகச் செலவு செய்துவிட்டு, ஆர்.எஸ்ஸின் உயிரான அந்த ஸ்டீயரிங் கூர்மையை விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதோடு 235/40-இல் சைடுவால் கூடுவது வெறும் 4 மில்லிமீட்டர். குழிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

225/45 ஆர்18 என்றால் அகலம் மாறாது. 7.5 இஞ்ச் ரிம்முக்குத் தாராளமாகப் பொருந்தும் (7 முதல் 8.5 வரை போகலாம்). சைடுவால் 90-இலிருந்து 101 மில்லிமீட்டராக உயர்கிறது. டயரின் மொத்த விட்டம் 637-இலிருந்து 660 மில்லிமீட்டர் ஆகிறது, வண்டி தரையிலிருந்து ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் உயர்கிறது. மாற்றம் மூன்றரை சதவீதம். பொதுவாக 3 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பார்கள், இது கொஞ்சம் தாண்டுகிறது. சக்கர வளைவுக்குள் இடிக்குமோ என்பதுதான் என் பயமாக இருந்தது. இதே தலைமுறை ஆக்டேவியாவின் ஸ்கவுட் மாடலில் ஸ்கோடாவே 225/50 ஆர்17 போட்டுக் கொடுத்தது. அதன் விட்டம் 657 மில்லிமீட்டர். ஸ்கவுட் உயரமான வண்டி, அதனால் இது முழு உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் முயற்சி செய்து பார்க்கத் தைரியம் கொடுத்தது. கடையில் ஒரு சக்கரத்தை மட்டும் முதலில் மாட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே மற்ற மூன்றையும் மாட்டச் சொன்னேன். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய நாளிலும் இதுவரை எங்கேயும் உரசவில்லை. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியவர்கள் மட்டும் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் நல்ல வழிதான். 17 இஞ்ச் ரிம்முக்கு இறங்கி 225/45 ஆர்17 போடுவது. விட்டம் 634 மில்லிமீட்டர், ஒரிஜினலோடு மூன்றே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சைடுவாலோ அதே 101. ஸ்பீடோமீட்டர் மாறாது, டயர் விலையும் குறையும், எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஆர்.எஸ் 245-இன் முன் பிரேக் டிஸ்க் பெரியது. எல்லா 17 இஞ்ச் ரிம்மும் காலிப்பரைத் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) தாண்டி உட்காராது, மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எனக்கு அந்த 18 இஞ்ச் ரிம்மைக் கழற்ற மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

சைஸ் முடிந்தது. கடைக்குப் போனால் அடுத்த சிக்கல் காத்திருக்கும். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. உரிமம் வாங்கித்தான் இறக்க முடியும் என்றானதும், அதிகம் விற்காத சைஸ்கள் சந்தையிலிருந்து காணாமல் போயின. நம்ம ஊர்க் கடைக்காரர் நேராகவே சொல்லிவிட்டார்: "நாப்பதுல இப்போதைக்கு இல்லீங்ணா. நாப்பத்தஞ்சு வேணும்னா ரெண்டு பிராண்ட் இருக்குது, பாத்துக்கோங்க." பென்ஸ், பி.எம்.டபிள்யூ செடான்களில் 225/45 ஆர்18 ஓடுவதால் அந்த சைஸுக்கு எப்போதும் ஓட்டம் இருக்கிறது. நான் சைஸ் மாறியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். ஒரு டயர் போனால் அதே டயர் மறுபடி கிடைக்க வேண்டும் இல்லையா?

தட்டுப்பாடு இருக்கும் நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முதலாவது தயாரித்த தேதி. சைடுவாலில் ‘டாட்’ என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 1423 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், திருப்பிப் போட்டுத் தேட வேண்டும். எனக்குக் காட்டிய நான்கில் ஒன்று மற்றவற்றைவிட மூன்று வருஷம் பழையது. பளபளவென்றுதான் இருந்தது. வேண்டாம் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது, சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமைக் குறியீடு. ஒரிஜினல் 225/40-இல் 92, அதாவது ஒரு டயருக்கு 630 கிலோ. 225/45 ஆர்18-இல் இரண்டு வகை வரும். சாதாரண வகையில் 91, அது 615 கிலோதான். எக்ஸ்.எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று போட்டிருப்பதில் 95, அது 690 கிலோ. டயர் பெரிதாகியும் 91 வாங்கினால் சுமை தாங்கும் திறனில் கீழே இறங்குகிறீர்கள். எக்ஸ்.எல் மட்டுமே வாங்குங்கள்.

இந்த சைஸில் நான் போட்ட முதல் செட் மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4. ஆர்.எஸ் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்ற வைத்த டயர் இது. ஈர ரோட்டில் இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்பு சக்கரம் சுழன்று, டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மினுங்கும். இந்த டயரில் அது வெகுவாகக் குறைந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில்தான் இதன் அருமை தெரியும். தென்மேற்குப் பருவமழையில் நனைந்து, தேயிலைத் தோட்டத்துச் செம்மண் படிந்த வளைவில் பிரேக்கை மிதித்தபடி உள்ளே நுழைந்தாலும் முன்பக்கம் வெளியே இழுக்காது. வளைவு முடிந்து வெளியே வரும்போது இரண்டு முன்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் வேலை செய்வதை ஸ்டீயரிங்கில் உணர முடியும். டயருக்குப் பிடிப்பு இருந்தால்தானே அந்த டிஃபரன்ஷியலுக்கு வேலை? 45 சைடுவாலால் கூர்மை குறையும் என்று பயந்தேன். கொஞ்சம் குறைந்தது உண்மைதான், ஆனால் ரேஸ் டிராக்கில் மட்டும் கவலைப்பட வேண்டிய அளவு அது. முன் டயர்கள் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டரில் மாற்றும் நிலைக்கு வந்தன. இவ்வளவு டார்க் உள்ள முன்சக்கர வண்டிக்கு இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

அடுத்த செட்டுக்கு யோகோஹாமா அட்வான் டிபி வி552-க்குப் போனேன். காரணம் அம்மா. சேலம் பக்கம் கான்கிரீட் ரோட்டில் வரும் இரைச்சலில் பின்சீட்டில் அவரால் தூங்க முடியவில்லை. இது சொகுசுக்கென்றே செய்த டயர், அந்த வேலையை மனநிறைவாகச் செய்கிறது. வண்டிக்குள் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது, ஒட்டுப்போட்ட ரோட்டின் அதிர்வு உடம்புக்கு வருவதில்லை. ஸ்டீயரிங் திருப்பலுக்கு மிச்செலினைவிட ஒரு கணம் தாமதமாகப் பதில் வருகிறது, மலையில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். வாரத்தில் ஆறு நாள் நகரத்துக்குள்ளும் பைபாஸிலும் ஓடும் வண்டிக்கு இதுதான் சரியான டயர் என்பது என் தீர்ப்பு. வாரக்கடைசி வண்டியாக வைத்திருப்பவர்கள் மிச்செலினுக்கே போங்கள். 4-க்கு அடுத்து வந்த பைலட் ஸ்போர்ட் 5 இப்போது கிடைக்கிறது. அப்போலோ நம் நாட்டிலேயே கொண்டுவரும் விரெடஸ்டைனையும் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். இறக்குமதியை நம்பாமல் இருப்பது பெரிய நிம்மதி.

45-க்கு வந்ததில் வண்டி எப்படி மாறியது? நின்ற இடத்திலிருந்து பாய்வதில் துளி மந்தம், கியர் விகிதம் மூன்றரை சதவீதம் நீண்டுவிட்டது போலத்தான். ஸ்பீடோமீட்டர் முன்பு உண்மை வேகத்தைவிட கொஞ்சம் கூட்டியே காட்டியது, இப்போது ஜி.பி.எஸ்ஸோடு ஒத்துப்போகிறது. உங்கள் வண்டியில் இதை நீங்களே சரிபாருங்கள். மாற்றிய பிறகு ஸ்பீடோ குறைத்துக் காட்டினால் அபராதம் உங்களுக்குத்தான். ஓடோமீட்டரும் குறைவாக ஓடும், 100 கிலோமீட்டர் போனால் சுமார் 96.5 காட்டும். மைலேஜ் கணக்குப் போடும்போது இதைச் சேர்க்காவிட்டால் வண்டி அதிகம் குடிப்பதாகத் தோன்றும். டயர் மாட்டியதும் காற்றைச் சரிபார்த்து, திரையில் டயர் அழுத்தத்தை மறுபடி ‘செட்’ செய்ய மறக்காதீர்கள். இந்த வண்டி சக்கரம் சுழலும் வேகத்தை வைத்துத்தான் காற்று குறைந்ததைக் கண்டுபிடிக்கிறது, பழைய டயரின் கணக்கிலேயே இருந்தால் எச்சரிக்கை சரியாக வராது.

வீக்கம் என்ற பேச்சே இப்போது இல்லை. அதே ரோடுதான், அதே குழிகள்தான். ஒருமுறை ரிம்மின் விளிம்பு லேசாக நெளிந்தும் டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அழுத்தத்தை வாரம் ஒருமுறை குளிர்ந்த டயரில் பார்த்துக்கொள்கிறேன். சைடுவால் உயரமாகிவிட்டது என்று காற்றைக் குறைத்து ஓட்டினால் மாற்றியதன் பயனே போய்விடும். முன்னையும் பின்னையும் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிப் போடுகிறேன். இரண்டு மட்டும் புதிதாக வாங்க வேண்டி வந்தால் புதியவை பின்னால்தான் போக வேண்டும். முன்சக்கர வண்டிதானே என்று முன்னால் போட்டால், மழையில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை விடும்போது பின்பக்கம் வழுக்கும்.

ஸ்டெப்னியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நான்கு சக்கரமும் 660 மில்லிமீட்டருக்கு மாறிய பிறகு டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி அவற்றைவிடச் சின்னது. முன்னால் பஞ்சரானால் அதை முன்னாலேயே மாட்டி நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். இரண்டு முன்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் டிஃபரன்ஷியல் தேவையில்லாமல் சூடாகும். பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டிவிட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் போடுங்கள். ரோட்டோரத்தில் கால் மணி நேரம் கூடுதலாகும், பரவாயில்லை. மெதுவாக அடுத்த பஞ்சர் கடைவரை ஓட்டிப் போய்விடலாம்.