விம்மில் சி நிரல்: மேக் கட்டளையா, ஏல் செருகுநிரலா?

மேக் கட்டளை விம் எடிட்டருடனே வருகிறது. அடித்தால் கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஓடும். பிழைகள் குவிக்ஃபிக்ஸ் எனும் பட்டியலில் வரிசைகட்டி நிற்கும். ஒன்றின்மேல் என்டர் தட்டினால் நேராக அந்த வரிக்கே போகலாம். கம்பைல் முடியும்வரை எடிட்டர் கைகட்டிக் காத்திருக்கும், அதுதான் குறை.

ஏல், நிரலில் பிழை தேடும் செருகுநிரல், காக்க வைக்காது. 2016-இல் வந்த விம் 8-இன் பின்னணி வேலை வசதியால், சேமிக்கும் முன்பே சோதிக்கிறது. அரைப்புள்ளியை விட்டால் ஓரத்தில் உடனே குறி. பாதி எழுதிய வரிக்கும் குறி! தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் மேலாளர் மாதிரி. சேமிக்கும்போது மட்டும் ஓடும்படி மாற்றிவிட்டேன், இப்போது நிம்மதி.

அப்புறம், ஏல் லிங்க் செய்வதில்லை, அதாவது கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைத்துப் பார்ப்பதில்லை. ஒரு ஃபங்ஷனை அறிவித்து, அழைத்துவிட்டு, அதை எழுத மறந்தால் அது வாயே திறக்காது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (அழைத்தது எங்கும் எழுதப்படவில்லை) என்று கத்துவது மேக்தான். அதனால் ஏல் இருந்தாலும் மேக்கை நான் விடவில்லை.