பழைய சி.ஐ. பைப்பை வீட்டிலேயே அறுக்க: கிரைண்டரா, ஆக்ஸாவா, உளியா?

எங்கள் வீட்டுக் கழிவறையிலிருந்து இறங்கும் 4 அங்குல சி.ஐ. பைப்புக்கு, அதாவது வார்ப்பிரும்புப் பைப்புக்கு, என்னைவிட வயது அதிகம். நடுவில் ஒரு முழ நீளத்துக்குத் துருவேறி, தட்டினால் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டால் போதும் என்றார் பிளம்பர். அறுப்பதற்கு மட்டும் அவர் சொன்ன கூலியைக் கேட்டதும் நானே இறங்கிவிட்டேன். அதிலும், சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டில் செய்த இன்னொரு வேலையிலும் கற்றுக்கொண்டதுதான் இது.

இந்த இரும்பின் குணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அதில் பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் பரவிக் கிடக்கும். அந்தச் செதில்கள்தான் இதன் பலவீனம். மற்ற இரும்பு வளையும், இது விரிசல் விடும். அறுத்தால் சுருள் வராது, கரித்தூள் மாதிரி பொடிதான் கொட்டும். கிராஃபைட்டே வழுக்கிக்கொடுப்பதால் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். ஊற்றினால் தூளெல்லாம் சேறாகிப் பிளேடில் அப்பிக்கொள்ளும்.

“பட்டறையில் சொல்லி கேஸ் கட்டிங் வைத்தால் ஒரு நிமிஷ வேலை” என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். சாதாரண இரும்பில், வெப்பத்தில் உண்டாகும் ஆக்சைடு இரும்பைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகி வழிந்துவிடும். வெட்டு சுத்தமாக விழும். வார்ப்பிரும்போ ஏறக்குறைய 1,200 டிகிரியிலேயே உருகிவிடும், அதன் ஆக்சைடுக்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும். இரும்பு கூழாகும், ஆக்சைடு ஆடை மாதிரி மேலே நிற்கும், வெட்டு விழாது. கழிவு பைப்புக்குள் மீத்தேன் இருக்கலாம் என்பது தனிக் கவலை. சரி, அதை விட்டுவிடுவோம்.

மிச்சமிருக்கும் கருவிகளை ஒப்பிட நான் ஒரே கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன்: பைப்பின் பின்பக்கம் எட்டுமா? பழைய வீடுகளில் பைப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு அங்குல இடைவெளி இருந்தால் அதிர்ஷ்டம். முன்பக்கத்தை எதை வைத்தும் அறுத்துவிடலாம்.

வேகத்தில் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரை எதுவும் நெருங்க முடியாது. பைப்பின் சுவர் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான். 1 மில்லிமீட்டர் கட்டிங் வீலில் முன்பாதி சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. பின்பாதிக்கு மெஷினின் தலையே நுழையவில்லை. இந்த இடத்தில்தான் பலர் கார்டை, அதாவது வீலை மூடியிருக்கும் காப்புத் தகட்டை, கழற்றிவிட்டு 7 அங்குல வீலை மாட்டப் பார்க்கிறார்கள். செய்யாதீர்கள். அந்த வீல் நிமிடத்துக்கு 8,500 சுற்று வரைதான் தாங்கும், சின்ன மெஷின் ஓடுவது 11,000 சுற்றில். என் வேலையில் சரியான அளவு வீலே ஒன்று தெறித்தது. வெட்டுக்குள் கொஞ்சம் சாய்த்துவிட்டேன், அவ்வளவுதான். கார்டு இருந்ததால் சுவரில் ஒரு கோடு மட்டும் விழுந்தது. வீல் வாங்கும்போது அதன் நடுவளையத்தில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். பிசினில் ஒட்டிய வீல்கள் தயாரித்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குத்தான்.

உலோகம் வெட்டுவதற்கென்றே வரும் டைமண்ட் வீல் விலை அதிகம். ஆனால் சீக்கிரம் தேயாது, அப்படித் தெறிக்காது. டைல்ஸ் வெட்டும் டைமண்ட் பிளேடு வேறு, அதை இதற்கு மாட்ட வேண்டாம். ஒரே ஒரு பைப்புக்காக இதை வாங்குவது எனக்கு வீண்செலவாகத்தான் பட்டது.

ஆக்ஸா பிளேடை ஏளனம் செய்தவன் நான். கடைசியில் கைகொடுத்தது அதுதான். பிளேடை மட்டும் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்தால் சுவர் இடுக்கில் நுழைந்துவிடும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு சரியாக இருந்தது; எப்போதும் மூன்று பல்லாவது இரும்பில் பட வேண்டும், இல்லாவிட்டால் பல் மாட்டி உடையும். மேல்தோல்தான் எதிரி. வார்க்கும்போது சீக்கிரம் குளிர்ந்த அந்த அடுக்கு கடினமாக இருக்கும், பழைய மணல்வார்ப்பு என்றால் மணலும் ஒட்டியிருக்கும். பிளேடு முதல் நிமிடத்திலேயே மொக்கையாகிவிடும். அரத்தால் தோலைத் தேய்த்துவிட்டு ஆரம்பித்தால் தேவலை. முழுப் பைப்பையும் ஆக்ஸாவிலேயே அறுப்பேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், தோள்பட்டை போய்விடும்.

கிரைண்டர் இல்லாத காலத்தில் உளியும் சுத்தியலும்தான். சுற்றிலும் கோடு போட்டு, அதே கோட்டில் உளியை வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே இரண்டு மூன்று சுற்று வந்தால் ‘டக்’ என்று பிரியும். புதுப் பைப்பில் அழகாக நடக்கும். துருவேறிய பைப்பில் விரிசல் தன்னிஷ்டத்துக்கு ஓடும். அவசரத்தில் நான் ஓங்கி ஒரு அடி போட்டேன். விரிசல் கீழே இருந்த நல்ல காலர் (அடுத்த பைப்பு சேரும் அகன்ற வாய்) வரை இறங்கிவிட்டது. ஒரு முழம் மாற்ற வேண்டிய இடத்தில் ஆறடி மாற்றினேன். அந்தக் காலரை ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்திருந்தார்கள். அதைக் கிரைண்டரால் தேய்த்து ஈயத்தூளைச் சுவாசிக்காமல், உளியால் பெயர்த்தெடுத்தது ஒன்றுதான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம்.

சங்கிலி கட்டர் ஒன்று உண்டு. சின்னச் சின்ன வெட்டுச் சக்கரங்கள் கோத்த சங்கிலியைப் பைப்பைச் சுற்றிப் போட்டு இறுக்கினால் பைப்பு உடைந்து பிரியும். பொறி இல்லை, தூசி இல்லை, சங்கிலி நுழைகிற இடைவெளி இருந்தால் பின்பக்கப் பிரச்சினையும் இல்லை. வாடகைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் துருவேறி மெலிந்த பைப்பு இதில் பிரியாது, நொறுங்கும். குடிநீர் லைனில் வரும் டி.ஐ. (டக்டைல் அயர்ன்) பைப்பிலும் இது பலிக்காது. அதில் கிராஃபைட் செதிலாக இல்லாமல் உருண்டையாக இருப்பதால் அது எளிதில் உடையாது. பிளேடு முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பமான ரெசிப்ரோகேட்டிங் சாவும் கார்பைடு பிளேடும் இருந்தால் இடுக்கு வேலைக்கு நல்லதுதான். நம் ஊரில் அதை வீட்டில் வைத்திருப்பவரை நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு வேலையை இப்படிச் செய்தேன். மேல்பைப்பை முதலில் கிளாம்ப் போட்டுச் சுவரோடு நிறுத்தினேன். ஆறடிப் பைப்பு 20 கிலோவுக்கு மேல், அறுத்ததும் இறங்கினால் காலில்தான் விழும். மேலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கண்ணாடி, மாஸ்க். கிரைண்டரால் முன்னும் பக்கமுமாக முக்கால்வாசி அறுத்து, பின்பக்கம் வெறும் பிளேடால் பாதி ஆழத்துக்குக் கோடு இழுத்து, அப்புறம் உளியை வைத்து லேசாகத் தட்டினேன். விரிசல் கோட்டைத் தாண்டவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு வெட்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். இதில் அரை மணி நேரம் வெட்டு விளிம்பை அரத்தால் சமன் செய்யப் போனது. அங்கே சிறு பிசிறு நின்றாலும், பழைய பைப்பையும் பி.வி.சி.யையும் இணைக்கும் ரப்பர் கப்ளிங் கசியும்.