முதுமலையில் இரண்டு காலை, ஒரு செந்நாய்

சிட்னியிலிருந்து பொங்கலுக்கு மேட்டுப்பாளையம் வந்தால், ஒரு நாளாவது மலை ஏறாமல் நான் திரும்பியதில்லை. இந்த முறை மூன்று நாள், அதுவும் கேமராவோடு. எனக்குப் புலியைப் படம் எடுக்கும் ஆசை. "யானையைப் பார்த்தாலே போதும் கண்ணு" என்றார் அப்பா.

முதலில் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிவு செய்து எடுக்கும் நுழைவு அனுமதி. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். இந்திய சிம் இல்லையே என்று பயந்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சலை வைத்தே பதிவு செய்யலாம். ஐந்து நிமிட வேலை. கல்லாறு சோதனைச் சாவடியில் பாஸோடு சேர்த்து, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டு போய்விடுங்கள். ஊட்டியிலிருந்து முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடிக்குக் கல்லட்டி வழிதான் கிட்டம். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சாலையில் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காடு போனோம்.

தங்க எடுத்த இடத்தில்தான் மனம் நொந்தது. முன்பணம் வாங்கும்போது "புலி உறுதிங்க சார், ராத்திரி ஜீப்பில் கூட்டிட்டுப் போறோம்" என்று போனில் சொல்லியிருந்தார்கள். போய் விசாரித்தால், வனத்துறைக்குத் தெரியாமல் காட்டோரம் விளக்கடித்துக்கொண்டு போகும் பயணம் அது. காட்டுயிர்களுக்காகத்தான் பந்திப்பூர்க் காட்டு வழியாகப் போகும் மைசூர் சாலையையே இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடி வைக்கிறார்கள். அந்த இருட்டில் ஒரு மிருகத்தின் கண்ணில் விளக்கடித்துப் படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்றதும் மூவாயிரம் ரூபாய் முன்பணம் போனது. போகட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மைத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள். விடுமுறை குறைவு, எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு நமக்கு இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

முறையான வழி தெப்பக்காட்டில் வனத்துறை நடத்தும் வேன் சஃபாரி. சஃபாரித் தடத்தில் சொந்த வண்டியை விடமாட்டார்கள். முதல் நாள் காலை வண்டி நிறையக் கூட்டம். ஒரு குடும்பம் போனில் வீடியோ ஓடவிட்டபடியே வந்தது. புள்ளிமான், மயில், மரத்தடியில் நின்ற ஒரு காட்டெருமை, அவ்வளவுதான். டீசல் எஞ்சின் அதிர்வில் நான் எடுத்த எண்பது படங்களில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. ஏறும்போதே "போனை அணைச்சு வைங்க, பேசாதீங்க" என்று ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொன்னால் எவ்வளவோ நன்றாயிருக்கும். அது ஒன்றுதான் இந்தச் சேவையில் எனக்குக் குறை.

மறுநாள் இரண்டு காரியம் செய்தேன். அம்மா கொடுத்துவிட்ட மஞ்சப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுக் கட்டி, சன்னல் விளிம்பில் வைத்து லென்ஸை அதன் மேல் சாய்த்தேன். அப்புறம், கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் போய், "அண்ணா, ஏதாவது தெரிஞ்சா எஞ்சினை அணைச்சிடுங்க" என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார்.

பனி இன்னும் கலையவில்லை. சாலையின் இருபுறமும் உண்ணிச்செடிப் புதர். அதற்குள் யானையே நின்றாலும் தெரியாது. திடீரென்று ஒரு மான் கூவியது. கூட வந்த வழிகாட்டி, இருளர், ஐம்பது வயதிருக்கும், கையை உயர்த்தினார். வண்டி நின்றது, எஞ்சினும் நின்றது. சீழ்க்கை மாதிரி மெல்லிய ஒலி ஒன்று புதருக்குள்ளிருந்து வந்தது. "செந்நாய்ங்க. கூட்டத்தைக் கூப்பிடுது" என்று காதோரம் சொன்னார்.

இருபதடி தள்ளி அது பாதைக்கு வந்தது. துருப்பிடித்த இரும்பின் நிறம், வால் நுனி மட்டும் கறுப்பு. இடது காதின் விளிம்பில் ஒரு கிழிசல். எங்களைப் பார்த்தது, மூக்கைத் தூக்கி மோந்தது, அவசரமே இல்லாமல் கடந்து போனது. பின்னால் இன்னும் நான்கு. வண்டிக்குள் ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. அப்பா என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

செந்நாயைத் தீங்கு செய்யும் மிருகமாக நினைத்துச் சுட்டுத் தள்ளிய காலம் உண்டு. நாங்குநேரியில் பிறந்த காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970களில் பக்கத்துப் பந்திப்பூர்க் காட்டில் இவற்றின் பின்னாலேயே நடந்து ஆராய்ந்தார். அந்த மனிதர் 2024இல் காலமானார். இரை கிடைத்தால் இவை குட்டிகளை முதலில் தின்ன விடும் என்று படித்தது முதல் எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம்.

இறங்கியதும் வழிகாட்டியிடம் படத்தைக் காட்டினேன். கேமராத் திரையைக் கையால் மறைத்து, வெளிச்சம் படாமல் பார்த்தார். "பெருசு பண்ணுங்க சார்" என்றார். காதை நான் பெரிதாக்க, அவர் விரல் வயிற்றுக்குப் போனது. "இங்க பாருங்க, மடி தொங்குது. குட்டி போட்டிருக்கு. பக்கத்துலதான் எங்கயோ பொந்து இருக்கும்."

எனக்கு அந்தக் காதைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. அவர் ஒரே பார்வையில் ஒரு குடும்பத்தையே பார்த்துவிட்டார். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். "நீங்க யாருக்கு வேணும்னாலும் காட்டுங்க. எந்த இடம்னு மட்டும் சொல்லாதீங்க சார். ஆளுங்க வந்து நின்னா அது குட்டியைத் தூக்கிட்டு வேற பொந்துக்குப் போயிடும்."

சாயங்காலம் யானை முகாமில் ராகிக் களி உருண்டை ஊட்டுவதை அப்பா ஆசை தீரப் பார்த்தார். நான் ஓரமாக உட்கார்ந்து, படங்களில் பதிவாகியிருந்த இடக்குறிப்பை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தேன்.